பன்னிரண்டு வீடு, பதினோரு சுவர்

வரிசையாகப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் ஒரே வெள்ளை, ஒரே கறுப்புக் கதவு, வாசலில் ஒரே மாதிரி இரும்புக் கிராதி. வீட்டு எண்ணைக் கதவின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எழுதி வைத்திருந்தார்கள். கடல் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூன்று வீட்டில் மணியடித்தேன், மூன்று வீட்டிலும் மன்னிப்புக் கேட்டேன், அதற்கு மேல் முடியாமல் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிறவன் நான். கோயம்புத்தூர்ப் பக்கம் பீளமேட்டிலிருந்து அன்னூர் வரைக்கும் நான் கட்டிய வீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லுவேன். ஒன்று மாதிரி இன்னொன்று அமைந்துவிட்டால் சொந்தக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் அடித்தார் என்பதற்காகவே பச்சை அடித்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே என்னடாவென்றால் பன்னிரண்டு பேர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அதைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வேறு வருகிறார்கள்.

கால் மணி நேரம் கழித்து என் மகள் மிருதுளா மருத்துவமனைச் சீருடையோடு ஓடி வந்தாள்.

"ஏனுங்கப்பா, அஞ்சாம் நம்பர் படியில உக்காந்துட்டீங்க? நம்மது ஏழுங்க."

"அந்த நம்பரைச் சித்தெ பெரிசா எழுதுனா என்ன கண்ணு?"

"எழுதக் கூடாதுங்கப்பா. பாரம்பரியக் கட்டடம். எதையும் மாத்தக் கூடாது."

அந்த 'எதையும் மாத்தக் கூடாது' என்பதை அடுத்த நான்கு நாளில் குறைந்தது நாற்பது முறையாவது கேட்டிருப்பேன்.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மிருதுளா இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணம் முறிந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் அங்கே போனாள். அந்த ஏழாம் நம்பர் வீட்டின் இரண்டாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தாள். இப்போது சொந்தக்காரர் அந்த மாடியை விற்கிறார், முதலில் இவளிடம்தான் கேட்டிருக்கிறார். "நீங்க வந்து பாத்துப்போட்டுச் சரின்னு சொன்னாத்தானுங்க கையெழுத்துப் போடுவேன்" என்று போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் கையெழுத்து. நான் திங்கட்கிழமை போய் இறங்கினேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதை மறைக்க வேண்டியதில்லை. என் மனைவி சரசுவும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். பீளமேட்டில் மனை சும்மா கிடக்கிறது, நாலு பக்கமும் காம்பவுண்டு எழுப்பி நானே அவளுக்கு வீடு கட்டித் தருவேன். முப்பத்துநாலு வயதுப் பெண் ஒண்டியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? அந்த வீட்டில் ஒரு இருபது குறையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவளே மனம் மாறித் திரும்பி வந்துவிடுவாள் என்பது எங்கள் கணக்கு.

அதற்காகத்தான் தூக்குக்குண்டை எடுத்துப் போனேன். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கிற பித்தளைக் குண்டு. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொன்ன பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க சார்?"

"தூக்குக்குண்டுங்க. செவுரு நேரா இருக்குதான்னு பாக்க."

"லண்டன்ல போயிச் செவுரு பாக்கப் போறீங்களாக்கும்?"

"ஆமாங்க."

இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூன்றாவது ஆளிடம் காட்டினார். கடைசியில் அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே போய் இறங்கினால் மகள் ஊருக்கு ரயில் இல்லை. தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம், அதற்குப் பதிலாக ஒரு பஸ். அந்த பஸ் ஒவ்வொரு ரயில் நிலையத்தின் வாசலுக்கும் போய், ஆளே இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வந்தது. அன்னூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் படியில் நின்று கத்துவாரே, அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த பஸ்ஸில் யாரும் யாரிடமும் கோபப்படவில்லை. என் முன் சீட்டில் இரண்டு பெண்மணிகள். ஒருத்தி, "போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான்" என்றாள். மற்றவள், "மழையாவது இல்லை" என்றாள். அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

செவ்வாய்க்கிழமை மிருதுளாவுக்கு லீவு. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

முன்பக்கத்தை எதிரே கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் ஒரே அரண்மனை என்றுதான் நினைப்போம். கீழே நிலத்துக்கடியில் ஒரு தளம், அதன் மேல் பாலம் மாதிரி நாலு படி, பிறகு வாசல். முதல் மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல், இரும்புப் பால்கனி. மேலே போகப் போக ஜன்னல் சின்னதாகிக்கொண்டே போகிறது. உச்சியில் வேலைக்காரர்கள் படுத்த அறைகளுக்கு முறத்தளவு ஜன்னல். வரிசையின் நட்டநடுவில், கோயில் முகப்பு மாதிரி ஒரு முக்கோண மகுடம். அது பாதி ஆறாம் நம்பர் தலையிலும் பாதி ஏழாம் நம்பர் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது.

"இது விழுந்தா ஆரு கட்டுறது?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஊட்டுக்காரரும் சேந்துங்க."

சிரித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கிட்டே போய்ச் சுவரைத் தட்டினால் கல் இல்லை. சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அதில் கோடு கிழித்து, கல் அடுக்கியதுபோல் காட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே பார்த்தேன். உடைந்த செங்கல், கடற்கரைக் கூழாங்கல், மரத்துண்டு, எல்லாவற்றையும் கொட்டிச் சுண்ணாம்பில் குழைத்து நிரப்பியிருக்கிறார்கள். என் மேஸ்திரி யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். இன்னொரு இடத்தில் ஒரு ஜன்னல் ஜன்னலே இல்லை. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதே, இந்தப் பக்கமும் ஒன்று வேண்டுமே என்று சுவரில் கறுப்புப் பெயிண்டால் ஜன்னல் வரைந்திருக்கிறார்கள். நான் அதைக் கையால் தடவிப் பார்த்தே நம்பினேன்.

பின்பக்கம் போனால் அரண்மனை காணாமல் போய்விடுகிறது. முகப்பை ஒருவர் கட்டி, பின்னால் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். ஒரு வீடு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு வீடு உள்ளே போயிருக்கிறது, குழாய்கள் சுவர் பூராவும் பின்னிக் கிடக்கின்றன. அதைப் பார்த்தபோதுதான் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

உள்ளே வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். ஒரு சுவர்கூட நேராக இல்லை. தரை கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சரசு சாமிக்கு வைக்கக் கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தைக் கதவோரம் வைத்தேன், அது தானாக உருண்டு போய் ஜன்னலடியில் நின்றது. மிருதுளா கைதட்டிச் சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாங்கப் போகிற வீட்டில் எலுமிச்சம்பழம் ஓடுவது சிரிக்கிற விஷயமா?

மத்தியானம் ஊரிலிருந்து கொண்டுபோன ஒப்பிட்டு, அதுதான் போளி, மூன்றைத் தட்டில் போட்டுத் திறந்த ஜன்னல் கட்டையில் வைத்தேன். தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். கோழி அளவுக்கு ஒரு கடற்பறவை வந்து மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் எதிரே விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. நம் ஊர்க் காக்கையைச் சோறு வைத்துவிட்டுக் கா கா என்று எத்தனை நேரம் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதுவும் நோட்டில் ஏறியது. பதினாறாவது குறை.

புதன்கிழமைதான் சுவர் விஷயத்துக்கு வந்தேன். வீட்டைக் காட்டும் ஏஜென்ட் பெண் ஏதோ காகிதம் கொடுக்க வந்திருந்தாள். மிருதுளாவின் கூடத்துக்கும் அடுத்த வீட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டேன்.

"இரண்டு பேருடையதும்" என்றாள்.

"அதில் எத்தனை அங்குலம் எங்களுடையது?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. மிருதுளா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். நான் விடவில்லை. நாளைக்கு அந்த வீட்டுக்காரர் ஆணியடித்தால்? இடித்தால்? இடிக்கக் கூடாது என்றாள் ஏஜென்ட். இடித்தால் இரண்டு பக்கமும் சாயும், இந்தப் பன்னிரண்டு வீடும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்றாள். அதை ஏதோ பெருமை மாதிரி சொன்னாள். பன்னிரண்டு வீட்டுக்கு நடுவில் பதினோரு பொதுச்சுவர். எங்கள் பக்கமாக இருந்தால் பதினோரு கோர்ட்டுக் கேஸ்.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. அன்னூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது, நடுவில் ஒரு சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. கட்டடக்காரன் நான்தானே என்று நானே நூல் பிடித்தேன். அண்ணன் வந்து நின்று பார்த்துவிட்டு, "நூலு ஒரு சாண் எம் பக்கமா வந்திருக்குதாட்ட இருக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பிடித்த நூல் கோணல் என்று பத்து வேலையாட்கள் முன்னால் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பொதுச்சுவரே வேண்டாம், உங்க சுவர் உங்களுக்கு, என் சுவர் எனக்கு என்று சொல்லிப்போட்டேன். அவரும் வீம்புக்குச் சரி என்றார். இரண்டு சுவர், நடுவில் ஒன்றரை அடி சந்து. கூரையில்லாத சந்து.

ஒன்றரை அடிச் சந்துக்குள் கொத்தனார் கரண்டியோடு போக முடியாது. அதனால் இரண்டு சுவருக்கும் உள்பக்கம் பூச்சு இல்லை. பூசாத சுவரில் மழை இறங்கினால் என்ன ஆகும் என்பதை எத்தனையோ பேருக்கு நான் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். சேர்த்துக் கட்டுங்க, இல்லையா மூணடி விட்டுக் கட்டுங்க என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் வார்த்தை. என் சமையல்கட்டுச் சுவரில் முதல் மழைக்கே ஓதம் ஏறியது. பதினோரு வருஷமாக வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறேன், வருஷா வருஷம் அது திரும்பி வருகிறது. மேலே ஒரு தகடு போட்டு மூடினால் தீர்ந்துவிடும். தகட்டின் ஒரு ஓரம் அண்ணன் சுவரில் உட்கார வேண்டும், அதற்கு அவரிடம் பேச வேண்டும்.

பேசவில்லை. அண்ணன் அங்கேயே குடியிருக்கிறார். நான் பீளமேட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் தோட்டத்து வேலைக்காகப் போய் என் பாதியில் தங்குவேன். கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உட்காருவோம், முகம் பார்க்க மாட்டோம். மிருதுளாவின் கல்யாணம் முறிந்த வாரம் அண்ணன் பீளமேட்டு வீட்டு கேட் வரைக்கும் வந்தார். நான் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. சரசு தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

ஆகவே அந்த ஏஜென்ட் பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் 'பொதுச்சுவர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். இன்னொரு குறையும் எழுதினேன். இரண்டு நாளாகக் காலையில் எங்கேயோ இரும்புச் சத்தம் கேட்டது, டங், டங், டங் என்று. செவ்வாய்க்கிழமை அரைத்தூக்கத்தில் கேட்டேன், புதன்கிழமை குளியலறையில் இருந்தபோது கேட்டேன். குழாயில் காற்று அடைத்திருக்கிறது. பழைய கட்டடங்களில் இது சகஜம். இருபத்திரண்டாவது குறை.

வியாழக்கிழமை மிருதுளாவுக்கு அதிகாலை டூட்டி. அவள் கிளம்பும்போது நான் போனில் சரசுவிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

"தெக்குப் பாத்த ஊடுங்களா?" என்று சரசு மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"கடல் தெக்கால இருக்குது சரசு. நான் என்ன பண்ணட்டும்?"

"வாசலை மட்டும் கிழக்கால திருப்பி வெக்க முடியாதுங்களா?"

"கிழக்கால அடுத்த ஊடு ஒட்டிக்கிட்டு நிக்குது!"

கதவருகே நின்று மிருதுளா ஏதோ சொன்னாள். ஏழு மணி, அடுப்பு என்று காதில் விழுந்தது. காபி அடுப்பைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன்.

ஏழு மணிக்கு நான் கூடத்தில் கணப்படுப்பின் அருகே உட்கார்ந்து குறைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அடுப்பில் இப்போது நெருப்புப் போடுவதில்லை. சுவருக்குள் குடைந்த மாடம் மாதிரி இருக்கும், பின்னால் ஒரு இரும்புத் தகடு. டங், டங், டங். இந்த முறை பக்கத்திலேயே கேட்டது. எழுந்துபோய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டேன், காற்று வெளியேறட்டும் என்று. திரும்ப மூன்று. குழாயை இன்னும் திருகினேன். மூன்றாம் முறை நன்றாக ஓங்கி அடித்த மாதிரி கேட்டது. பிறகு நின்றுவிட்டது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். வாசல் கதவில் சாவி திரும்பியது. நைட்டிக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் காலுறை மட்டுமாக, எண்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாள் உள்ளே வந்தார். கைத்தடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துப் பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"மிருதுளா எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கிறாள். நான் அவள் அப்பா."

நாற்காலியில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கோபமாகக் கேட்டார்.

"அப்படியென்றால் நீங்கள் ஏன் தட்டவில்லை?"

ஆறாம் நம்பர் வீட்டின் இரண்டாவது மாடி, டோரத்தி. அவருடைய அடுப்பும் மிருதுளாவின் அடுப்பும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு ஒட்டியவை. சுவர் மற்ற இடத்தில் ஒன்றரை அடி கனம், அடுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மெலிசு. தினமும் காலை ஏழு மணிக்கு டோரத்தி நெருப்புக் கிளறும் கம்பியால் தன் அடுப்புத் தகட்டை மூன்று முறை தட்டுவார். மிருதுளா இங்கிருந்து பதிலுக்கு மூன்று முறை தட்டுவாள். பதில் வராவிட்டால் போய்ப் பார்க்க ஒருவர் வீட்டுச் சாவி மற்றவரிடம் இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. வாரக்கணக்கில் முகம் பார்த்துக்கொள்ளாமலும் இருப்பார்களாம்.

"பிப்ரவரியில் ஒரு நாள் அவள் தட்டவில்லை" என்றார். "இன்றைக்கு மறுபடியும் அதே மாதிரி என்று நினைத்துவிட்டேன்."

"பிப்ரவரியில் என்ன?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

குடல்வால் வெடித்து என் மகள் குளியலறைத் தரையில் கிடந்திருக்கிறாள். எழுந்து போனை எடுக்க முடியவில்லை. ஏழு மணிக்குச் சுவர் பதில் சொல்லவில்லை என்று இந்த அம்மாள் தன் வீட்டு மாடியிலிருந்து இறங்கி, தெருவுக்கு வந்து, இந்த வீட்டு மாடி ஏறி, கதவைத் திறந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்பது நாள் மருத்துவமனை. மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம்.

பிப்ரவரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. போன் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லி மிருதுளா குரலில் மட்டும் பேசினாள். நல்ல போனாக வாங்கக் கூடாதா என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன்.

டோரத்தியை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்கு ஐம்பத்தாறு படி இறங்கி ஐம்பத்தாறு படி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்றார், நானும் நின்றேன். அவர் கூடம் எங்கள் கூடத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. அடுப்புத் தகட்டில் அவர் தட்டும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவர் விட்டிருந்த கைத்தடியை நாற்காலியோரம் சாத்தி வைத்தேன். "நாளைக்கு மறக்காமல் தட்டுங்கள்" என்றார் அவர்.

சாயங்காலம் மிருதுளா வந்ததும் நான் கத்தியது கடல்வரைக்கும் கேட்டிருக்கும்.

"பெத்தவங்க ரெண்டு பேரு உசுரோட இருக்கோம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டயா?"

"சொன்னா, வந்துருன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன். தப்பா?"

"இல்லீங்கப்பா. ஆனா ஊருக்கு வந்தா நான் திரும்ப இங்க வர மாட்டேன். எனக்கு அது தெரியுமுங்க." பிறகு சொன்னாள். "ஆருக்குமே தெரியாம இல்லீங்க. ஆப்பரேசனுக்கு முன்னால பயமா இருந்துச்சு. நம்ம பக்கம் ஆருக்காச்சும் தெரிஞ்சிருக்கோணும்னு தோணுச்சு. பெரியப்பாவுக்குப் போன் பண்ணுனேன்."

"எந்தப் பெரியப்பா?" என்று கேட்டேன். அவளுக்கு இருப்பது ஒரே பெரியப்பாதான்.

"தெனமும் மூணு வேளை கூப்புட்டாருங்க. ஒம்பது நாளும். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டேன். 'நான் சொன்னா உங்கப்பன் காதுல ஏறோணுமல்ல கண்ணு'ன்னு சொன்னாரு."

அந்த பிப்ரவரியில் நான் எட்டு நாளாவது அன்னூரில் தங்கியிருப்பேன். அண்ணன் தன் பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் பிழைப்பாளா என்று போன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் என் பக்கத்தில் ஓதத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது, மகள் மேல் வந்தது, பிறகு போக இடமில்லாமல் என் மேலேயே வந்து நின்றது. அவ்வளவு வெட்கப்பட்டு நான் உட்கார்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான்தான் தட்டினேன். தூக்குக்குண்டாலேயே தட்டினேன், மூன்று முறை. டோரத்தி முந்துவதற்குள் முந்திவிட்டேன் போலிருக்கிறது, கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. மிருதுளா கிளம்பித் தயாராக நின்றாள்.

"என்னங்கப்பா சொல்றீங்க?"

நோட்டைப் பிரித்து இருபத்துமூன்று குறையையும் வாசித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. பூச்சு உதிரும், இரும்பு துருப்பிடிக்கும், மகுடம் ஒரு நாள் யார் தலையிலாவது விழும், ஒரு சுவராவது குண்டுக்கு நிற்கவில்லை. அவள் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"பொதுச்சுவர் மட்டும் கெட்டியா இருக்குது" என்றேன். "கையெழுத்துப் போடு அம்மணி."

சரசு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தெற்குப் பார்த்த வீட்டுக்கு எப்படிச் சரி சொன்னீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் திரும்பிப் பக்கத்தில் உட்கார்ந்து பிப்ரவரியைச் சொன்ன பிறகு அழுதாள். அதற்கப்புறம் திசையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போனேன். சமையல்கட்டுச் சுவரில் ஓதம் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. என்ன நினைத்தேனோ, பையிலிருந்து குண்டை எடுத்து மூன்று முறை தட்டினேன். காத்திருந்தேன். மறுபடி ஓங்கித் தட்டினேன், காரை உதிர்ந்தது. பிறகுதான் உறைத்தது. நடுவில் ஒன்றரை அடி காற்று. நூல் பிடித்து, குண்டு கட்டி, ஒரு நெல் அளவும் கோணாமல் நானே கட்டிய சுவர். அதைத் தாண்டி எந்தச் சத்தமும் போகாது.

வெளியே வந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வாசலுக்குப் போனேன். அவர் வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது, பாகம் பிரித்தபோது அதையும் மாற்றிக்கொண்டோம். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்தார்.

"அம்மணி கையெழுத்துப் போட்டுப்போட்டாளா?"

"போட்டுட்டாளுங்கண்ணா."

"கெட்டியான ஊடா?"

"கோணலுங்க. ஆனா நிக்குமுங்க."

தலையை ஆட்டினார். உட்கார் என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே நடந்தார், நான் பின்னால் போனேன். எங்கள் சமையல்கட்டுக்கு நேர் எதிரே அவருடைய சாமி அறை. அந்தச் சுவரில் தோள் உயரத்துக்கு ஓதம். பச்சையும் கறுப்புமாக, என் பக்கம் இருப்பதை அப்படியே பிரதி எடுத்த மாதிரி. சாமி படங்களையெல்லாம் எதிர்ச்சுவருக்கு மாற்றி மாட்டியிருந்தார். நான் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"கட்டுன வருசம் மொத மழையில இருந்து."

"ஒரு தகடு போட்டா நின்னிருக்குமுங்க. பதினோரு வருசமாச் சொல்லாம இருந்துபோட்டீங்களே."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"ஆருகிட்டடா சொல்றது?" என்றார்.